தலைமாட்டில் ஐந்து புத்தகமா, கையில் ஒன்றா?

பன்னிரண்டு பக்கம் படித்த பிறகுதான் தெரிந்தது, நான் தப்பான அண்ணனுக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறேன் என்று. ஒரு பெரிய குடும்பம் மெல்ல நொடித்துப்போகிற கதை. மூத்தவர் வீட்டை விட்டுப் போய்விட்டார், அவர் உட்காரும் நாற்காலியைத்தான் எல்லோரும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நினைத்து உருகிக்கொண்டிருந்தேன். பக்கத்தைத் திருப்பினால் அந்த மூத்தவரே குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்து அதே நாற்காலியில் உட்காருகிறார். வீட்டை விட்டுப் போனவர் வேறு ஆள். அதே வாரம் நான் படித்துக்கொண்டிருந்த இன்னொரு நாவலின் அண்ணன்.

அப்போது என் தலைமாட்டில் ஐந்து புத்தகங்கள் பாதியில் கிடந்தன. இரண்டு நாவல், தடித்த வரலாற்று நூல் ஒன்று, ஒரு கவிதைத் தொகுப்பு, மூளை எப்படி வேலை செய்கிறது என்று விளக்கும் அறிவியல் புத்தகம் ஒன்று. அந்த அறிவியல் புத்தகத்தில் அடையாளச் சீட்டு, மறதியைப் பற்றிய அத்தியாயத்தில் நின்றது. இரண்டு மாதமாக அங்கேயே.

அக்காவிடம் சொன்னேன். ஒன்றை முடிக்காமல் அடுத்த புத்தகத்தின் அட்டையைக்கூடத் திருப்பாதவள் அவள்.

"ஏண்டி, ஒரே நேரத்துல அஞ்சு பேர் பேசினா யார் எதைச் சொன்னாங்கன்னு எப்படி ஞாபகம் இருக்கும்?"

"நீ மட்டும் என்னக்கா, அந்தத் தடிப் புத்தகத்தை வெச்சுக்கிட்டு நாலு மாசமா வேற எதையும் தொடலையே. அதையாவது படிக்கிறியா?"

பதில் வரவில்லை. அவள் வழியிலும் ஓட்டை, என் வழியிலும் ஓட்டை. அன்றிலிருந்து இரண்டையும் மாறி மாறிச் செய்து பார்த்தேன். ஒரு பருவம் ஒற்றைப் புத்தகம், ஒரு பருவம் பல புத்தகம். அதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: எத்தனை புத்தகம் என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. மூடி வைத்த புத்தகத்தை மறுபடி திறக்க எத்தனை நாளாகிறது, அந்த இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும். எந்தப் புத்தகம் எவ்வளவு இடைவெளியைத் தாங்கும் என்று தெரிந்துவிட்டால் ஒன்றா ஐந்தா என்கிற சண்டையில் முக்கால்வாசி தீர்ந்துபோகும்.

முதலில் ஒரு கணக்கு. ஐந்து புத்தகம், ஒவ்வொன்றும் 300 பக்கம். நாளொன்றுக்கு 30 பக்கம் படிக்கிறோம். மொத்தம் 1,500 பக்கம், 50 நாள். ஒவ்வொன்றாகப் படித்தாலும், தினம் ஒன்று என்று சுழற்சியில் படித்தாலும் அதே 50 நாள்தான். ஆனால் முடிகிற தேதிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றாகப் படித்தால் 10ஆம் நாள் ஒன்று முடியும், பிறகு 20, 30, 40, 50. சராசரி 30. சுழற்சியில் படித்தால் முதல் புத்தகமே 46ஆம் நாள்தான் முடியும். மற்றவை 47, 48, 49, 50. சராசரி 48. ஒன்றரை மாதம் தினமும் படித்தும் "ஒன்றைக்கூட முடிக்கவில்லையே" என்று பல புத்தகக்காரர்கள் புலம்புவது இதனால்தான். சோம்பேறித்தனம் எதுவும் கிடையாது, வரிசை அப்படி அமைந்துவிட்டது.

இதோடு போகவில்லை. ஐந்து நாள் கழித்து ஒரு புத்தகத்தைத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து அப்படியே ஓட முடியாது. மூன்று பக்கமாவது பின்னால் போய் வர வேண்டும். ஒரு புத்தகத்துக்கு இப்படி ஒன்பது முறை. ஐந்து புத்தகத்துக்கு 45 முறை. முறைக்கு மூன்று பக்கம் என்றால் 135 பக்கம். அதாவது நாலரை நாள் வாசிப்பு, நினைவு தட்டி எழுப்புவதற்கே போகிறது. ஒற்றைப் புத்தகக்காரருக்கும் தினம் ஒரு பத்தி பின்னால் போக வேண்டியிருக்கும், ஆனால் அது பத்தியோடு நின்றுவிடும்.

இந்தக் கணக்கைக் காட்டியதும் அக்காவுக்கு ஏக சந்தோஷம். கணக்கில் ஒரு ஓட்டை இருப்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. எந்தப் புத்தகமாக இருந்தாலும் நாளுக்கு 30 பக்கம் படித்துவிடுவோம் என்று அது நம்புகிறது. யாரும் அப்படிப் படிப்பதில்லை. வேலை முடிந்து களைத்து வந்த இரவில், அடிக்குறிப்புகள் அடர்ந்த வரலாற்று நூல் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் நாலு பக்கம் ஓடும். அப்புறம் கை தானாகக் கைபேசிக்குப் போகும். மறுநாள் இரண்டு பக்கம். அதற்கடுத்த நாள் புத்தகம் இருக்கிற பக்கமே பார்வை போகாது. அக்காவுக்கு அந்த நாலு மாதத்தில் நடந்தது இதுதான். பிடிக்காத புத்தகம் ஒன்று வாசலில் படுத்துக்கொண்டு பின்னால் நிற்கிற எல்லாப் புத்தகங்களையும் மறித்துவிட்டது. பக்கத்தில் ஒரு சிறுகதைத் தொகுப்பு இருந்திருந்தால் அந்த இரவுகளில் அதையாவது முடித்திருப்பாள். ஒற்றைப் புத்தக வழி ஓடுகிறபோது வேகமாக ஓடும். நின்றால் அடியோடு நின்றுவிடும். பல புத்தக வழி நொண்டி நொண்டிப் போனாலும் நிற்பதில்லை.

பாதியில் கைவிடுவது பாவம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒற்றைப் புத்தக வழி ஆபத்தானது என்பது என் எண்ணம். 50 பக்கத்தில் பிடிக்காததைத் தூக்கிப் போடத் தெரிந்தவர்களுக்கு அது சௌகரியமான வழி. அக்கா முதல் வகை. எச்சில் இலையை மூடுவதுபோல் கடைசிப் பக்கம்வரை போய்த்தான் மூடுவாள்.

இனி இடைவெளிக்கு வருகிறேன்.

ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1885இல் மறதியை அளந்து ஒரு நூல் வெளியிட்டார். பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறந்துபோகிறது என்று தன்னையே வைத்துச் சோதித்தார். மறதி முதலில் செங்குத்தாகச் சரிந்து, பிறகு மெதுவாகிறது என்று கண்டார். இதை அப்படியே நாவலுக்குப் பொருத்திவிடக் கூடாது. பொருளுள்ள செய்யுளை மனப்பாடம் செய்ய, அசைகளுக்கு ஆன முயற்சியில் பத்தில் ஒரு பங்குதான் ஆயிற்று என்று அவரே குறித்திருக்கிறார். கதையின் எலும்புக்கூடு எளிதில் மறப்பதில்லை. என் அனுபவத்தில் முதலில் நழுவுவது சின்னப் பாத்திரங்களின் பெயர். அடுத்தது, யாருக்கு எந்த ரகசியம் தெரியும், யாருக்குத் தெரியாது என்பது. மூன்றாவதாக நழுவுவது நடையின் தாளம்; நான் பயப்படுவது அதற்குத்தான். ஒரு எழுத்தாளரின் வாக்கியம் காதில் பழகுவதற்கு இருபது முப்பது பக்கம் பிடிக்கிறது. பத்து நாள் விட்டுவிட்டுத் திறந்தால், கதை ஞாபகம் இருந்தாலும் குரல் அந்நியமாக இருக்கும். குரல் அந்நியமானால் நகைச்சுவை எடுபடாது, கண்ணீர் வராது, தகவல் மட்டும் வரும்.

தொடர்கதை படித்து வளர்ந்தவர்கள் இந்த இடத்தில் குறுக்கே வருவார்கள். வாரப் பத்திரிகை ஒன்றில் இரண்டு மூன்று தொடர் ஒரே சமயத்தில் ஓடும், எல்லாவற்றையும் வாரக்கணக்கில் காத்திருந்து படித்தோமே, எதுவும் குழம்பவில்லையே என்பார்கள். நியாயம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இது நடந்திருக்கிறது. சார்லஸ் டிக்கன்ஸின் முதல் நாவல் 1836 ஏப்ரல் முதல் 1837 நவம்பர் வரை மாதப் பகுதிகளாக வந்துகொண்டிருந்தது. அது முடியுமுன்பே, 1837 பிப்ரவரியில், 'ஆலிவர் ட்விஸ்ட்' ஒரு மாத இதழில் தொடங்கிவிட்டது. ஏறக்குறைய பத்து மாதம் எழுதியவரும் இரண்டைச் சேர்த்து எழுதினார், படித்தவர்களும் இரண்டைச் சேர்த்துப் படித்தார்கள்.

ஆனால் தொடர்கதை இடைவெளிக்கென்றே செய்த பொருள். அத்தியாயம் சின்னது. கதவு தட்டும் ஓசையில் முடியும், அதனால் கதவுக்கு அந்தப் பக்கம் யார் என்கிற கேள்வி வாரம் முழுக்க மண்டைக்குள் இருக்கும். பாத்திரங்களுக்கு மறக்க முடியாத ஒரு பழக்கம், ஒரு பேச்சு, ஒரு மூக்குக்கண்ணாடி இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, "முன்கதைச் சுருக்கம்" என்று ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். ஒரு வாரம் கழித்து வருகிறவருக்கு நினைவு தட்ட வேண்டும் என்பது பத்திரிகைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரே மூச்சில் எழுதிய நாவலில் அந்தக் கட்டம் இல்லை. நாற்பதாவது பக்கத்தில் ஒரு சாவியை மேசையில் வைத்துவிட்டு, இருநூறாவது பக்கத்தில் அதை எடுப்பார்கள். இருபது நாள் இடைவெளியில் சாவி தொலைந்துவிடும். சாவி தொலைந்ததே தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. இருநூறாவது பக்கத்தைப் படித்துவிட்டு "சுமாராகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போவோம்.

ஆகவே முழு நாவலுக்கு என் கெடு மூன்று நாள். மூடிய மூன்று நாளுக்குள் மறுபடி திறக்க முடியவில்லை என்றால், கூட இருக்கிற புத்தகங்களில் ஒன்றைக் குறைக்க வேண்டும். இந்த மூன்று எந்த ஆய்விலிருந்தும் வந்ததில்லை, என் மறதியை நானே பார்த்துப் போட்டுக்கொண்டது. உங்களுக்கு ஐந்தாக இருக்கலாம்.

இடைவெளியைத் தாங்குவது மட்டுமல்லாமல் அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிற புத்தகங்களும் இருக்கின்றன. கவிதைத் தொகுப்பை ஒரே மூச்சில் படித்து முடிப்பதைப் போல அதற்குச் செய்யும் அநியாயம் வேறில்லை. பத்தாவது கவிதைக்குள் முதல் கவிதை தேய்ந்துபோயிருக்கும். சிறுகதை, கட்டுரைத் தொகுப்பு, நாட்குறிப்பு, கடிதங்கள் எல்லாம் இந்த வகை. அத்தியாயத்துக்கு ஒரு கருத்து என்று அமைந்த அறிவியல், தத்துவ நூல்களும் ஓரளவு இப்படித்தான். ஒன்றை ஒரே நாளில் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, நாட்களில் பரப்பிப் படித்தால் நன்றாக நிற்கும் என்பதும் எப்பிங்ஹாஸ் கண்டதுதான், அதற்குப் பின் எத்தனையோ சோதனைகளில் உறுதியானது. ஆகவே ஒரு கனமான அறிவியல் நூலை வாரம் இரண்டு அத்தியாயம் என்று படித்து, இடையில் நாவல் ஒன்றை ஓட்டுவதில் இரண்டுக்கும் நஷ்டமில்லை.

பாதியில் விட்டது மனத்தில் தங்கும் என்பதற்கு ப்ளூமா ஜெய்கார்னிக் என்ற உளவியலாளரைத் துணைக்கு அழைப்பவர்கள் உண்டு. முடித்த வேலையைவிட இடையில் நிறுத்தப்பட்ட வேலை நினைவில் அதிகம் நிற்கிறது என்று 1927இல் அவர் எழுதினார். பின்னால் வந்த சோதனைகள் எல்லாம் அதே விடையைத் தரவில்லை. தந்ததாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு நாவலைப் பாதியில் விடுவதற்கு அதைச் சாக்காகக் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. என் தலைமாட்டில் பாதியில் நின்றவை ஒன்றும் மண்டைக்குள் சுழலவில்லை, தூசிதான் பிடித்தன.

எந்தப் புத்தகத்தோடு எந்தப் புத்தகத்தைச் சேர்ப்பது என்பது அடுத்த விஷயம். என் அண்ணன்மார் குழப்பம் வந்தது ஐந்து புத்தகம் இருந்ததால் என்று அக்கா சொன்னாள். ஐந்தில் கவிதையும் வரலாறும் ஒன்றோடொன்று கலக்கவில்லையே! கலந்தவை இரண்டு குடும்ப நாவல்கள் மட்டும். ஒன்றுபோல் இருப்பவை நினைவில் ஒன்றையொன்று அழிக்கும் என்பது மனப்பாட ஆராய்ச்சியில் பழைய செய்தி. ஆகவே கதை என்றால் ஒரு சமயத்தில் ஒன்றே ஒன்று, அல்லது இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்கிற அளவுக்குத் தூரமான இரண்டு. துப்பறியும் கதையோடு துப்பறியும் கதை கூடவே கூடாது. பிணங்கள் இடம் மாறிவிடும்.

வாதம் செய்கிற நூல்களில் இது தலைகீழாகிறது. ஒரே பொருளில் இரண்டு மூன்று நூல்களை ஒன்றாகத் திறந்துவைப்பது அங்கே பலம். ஒரு போரைப் பற்றி ஒருவர் எழுதியதை மட்டும் படித்தால் அவர் சொல்வதுதான் நடந்தது என்று நம்பிவிடுவோம். பக்கத்தில் இன்னொருவரைத் திறந்து வைத்தால், முதலாமவர் எந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சே விடவில்லை என்று தெரிகிறது. நேட் கார்னெல், ராபர்ட் பியார்க் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே ஞாபகம் வருகிறது. 12 ஓவியர்களின் படங்களைக் காட்டினார்கள். சில ஓவியர்களின் படங்கள் அடுத்தடுத்து ஒரே தொகுதியாக வந்தன, மற்றவர்களுடையவை கலந்து கலந்து வந்தன. பிறகு புதுப் படம் ஒன்றைக் காட்டி வரைந்தவர் யார் என்று கேட்டபோது, கலந்து பார்த்த ஓவியர்களைத்தான் நன்றாக அடையாளம் கண்டார்கள். ஆனால் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர், தொகுதியாகப் பார்த்ததுதான் உதவியது என்று சோதனைக்குப் பிறகும் நம்பினார்கள்! ஓவியர்களுக்கிடையே வேறுபாடு காண்பது பற்றிய ஆய்வு அது, புத்தகம் பற்றியது இல்லை. இருந்தாலும் வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம் என்கிறபோது, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உதவும் என்பதை என் வரலாற்று வாசிப்பில் நானே கண்டிருக்கிறேன்.

இப்படிப் படிக்கிறவர்களுக்காக ஒரு இயந்திரமே வரைந்திருக்கிறார்கள். அகோஸ்டினோ ராமெல்லி என்ற இத்தாலியப் பொறியாளர் 1588இல் வெளியிட்ட இயந்திரங்கள் பற்றிய நூலில் புத்தகச் சக்கரம் ஒன்று வருகிறது. நீர்ச்சக்கரம்போல் நிற்கும் பெரிய சக்கரம், சுற்றிலும் சாய்வு மேசைகள், மேசைக்கு ஒரு திறந்த புத்தகம். சக்கரத்தைத் தள்ளினால் அடுத்த புத்தகம் முன்னால் வரும். சுழலும்போது புத்தகம் விழாமல் மேசை ஒரே சாய்வில் நிற்பதற்குப் பற்சக்கரங்கள் வேறு. எழுந்து நடக்க முடியாத கீல்வாதக்காரர்களுக்கு மிகவும் உபயோகம் என்று அவரே பரிந்துரைத்திருக்கிறார். உலாவியில் இருபது தாவல்களைத் திறந்து வைத்திருக்கும் நமக்கு அந்த ஆளைப் பார்த்துச் சிரிக்க உரிமையில்லை. ஆனால் அந்தச் சக்கரத்தில் வைப்பதற்கு ஏற்றது ஒப்பிட்டுப் பார்க்கிற நூல்கள்தான். எட்டு நாவல்களை அதில் வைத்துச் சுற்றினால் தலைதான் சுற்றும்.

ஒரே அமர்வில் மாற்றி மாற்றிப் படிப்பது வேறு சங்கதி. பத்துப் பக்கம் இது, பத்துப் பக்கம் அது என்று ஒரு மணி நேரத்துக்குள் தாவுவதை நான் விட்டுவிட்டேன். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததுக்குப் போனால் கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் காட்டினார். அலுவலக வேலைகளை நினைத்துச் செய்த ஆய்வு என்றாலும், நாவலில் சாவு விழுந்த அடுத்த நிமிடம் பொருளாதார நூலைத் திறந்து பார்த்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஒரு அமர்வுக்கு ஒரு புத்தகம். மாறுவதானால் அத்தியாய முடிவில், அதுவும் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்து.

புதிதாக ஒரு மொழி கற்றுக்கொண்டு அதில் படிக்கத் தொடங்கியிருப்பவர்கள் மேலே சொன்ன எதையும் கண்டுகொள்ள வேண்டாம். ஒரே எழுத்தாளர், ஒரே தொடர், ஒன்றன்பின் ஒன்று. மொழி கற்றலை ஆராய்ந்த ஸ்டீபன் க்ரஷன் 1981 முதல் இதைத்தான் வலியுறுத்தி வந்திருக்கிறார். ஒருவர் பயன்படுத்தும் சொற்கள் திரும்பத் திரும்ப வரும், முதல் சில பக்கங்களின் திணறலை ஒரு முறை தாண்டினால் போதும். நாலு ஆசிரியர்களைச் சேர்த்துப் பிடித்தால் நாலு முறை திணற வேண்டும்.

எனக்கு இப்போது ஓடுகிற ஏற்பாடு இது. நாவல் ஒன்று, தினமும், வேறு எதையும் தொடாவிட்டாலும் இதைத் தொட்டாக வேண்டும். கனமான நூல் ஒன்று, காலையில், மேசையில் மட்டும். படுக்கைக்கு அதற்கு அனுமதியில்லை. துண்டு துண்டாகப் படிக்கக்கூடியது ஒன்று, பைக்குள். மூன்றும் மூன்று இடத்தில் இருப்பதால் எதைத் திறப்பது என்று யோசித்து நேரம் போவதில்லை. தலைமாட்டில் ஐந்து கிடந்த காலத்தில் தேர்ந்தெடுப்பதற்குள்ளேயே தூக்கம் வந்துவிடும். நாலாவது புத்தகம் வேண்டுமென்றால் மூன்றில் ஒன்று முடிய வேண்டும், அல்லது "உன்னை நான் முடிக்கப் போவதில்லை" என்று அதனிடம் நேராகச் சொல்லி அலமாரிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். பாதியில் கிடப்பது என்கிற நிலையே கிடையாது.

ஒரு நாளைக்கு இருபது நிமிடம்தான் படிக்கக் கிடைக்கிறது என்றால் இந்த ஏற்பாடும் அதிகம். அவர்கள் அக்கா வழிக்கே போகலாம், ஒரே ஒரு திருத்தத்தோடு: பிடிக்காததைக் கைவிடப் பழகிக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைப்பவர்கள் மூன்றுவரை போகலாம். ஐந்து ஆறு என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மூன்று நாள் கெடுவுக்குள் தொடுகிறவர்களும் இருக்கலாம். அவர்களுடைய நாள் நம்முடைய நாளைவிட நீளம்.

அந்த முன்கதைச் சுருக்கத்தை நான் விடவில்லை. புத்தகத்தை மூடும்போது அடையாளச் சீட்டிலேயே பென்சிலால் இரண்டு வரி எழுதுகிறேன். என்ன நடந்தது என்று எழுதுவதில்லை, அது பெரும்பாலும் ஞாபகம் இருக்கிறது. யாருக்கு என்ன தெரியும், நான் எதற்குக் காத்திருக்கிறேன் என்பதைத்தான். போன வாரம் அக்கா வந்தபோது, அவள் நாலு மாதமாகக் கட்டிக்கொண்டு அழுத அந்தத் தடிப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்து என் அலமாரியில் சொருகிவிட்டுப் போனாள். பிரித்துப் பார்த்தேன். 312ஆம் பக்கத்தில் ஒரு சீட்டு, அவள் கையெழுத்தில் ஒரே வரி: "இதுக்கு மேல என்னால முடியாது, நீ படிச்சுட்டு என்ன ஆச்சுன்னு சொல்லு."